ஜன்னல் அளக்க வந்தவள்

“வாசல் வரைக்கும் போனேன்னு சொல்றியே, அப்புறம் என்ன ஆச்சு?”

“உள்ள போனேன் அண்ணி.”

“உள்ள போய்?”

“ஜன்னல் அளந்துட்டு வந்துட்டேன்.”

 மறுமுனையில், அண்ணிக்குப் பின்னால் அண்ணனின் இருமல் கேட்டது. இந்தப் பக்கம் அவள் ஃபோனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டாள். நடந்ததை எப்படிச் சொன்னாலும் பைத்தியக்காரத்தனமாகத்தான் இருக்கும்.

கடையிலிருந்து நேராக ஜிம்முக்குப் போனது முதல் தப்பு. திரைச்சீலை தைக்கும் கடையில் அவளுக்கு வேலை. இஞ்சு டேப் கழுத்தில் கிடப்பதை அவள் என்றைக்கோ உணர மறந்திருந்தாள். கொண்டையில் பென்சில் வேறு செருகியிருந்தது. கைப்பையில் அண்ணி வாங்கிக் கொடுத்த உடற்பயிற்சி உடுப்பு, அட்டைகூடக் கிழிக்காமல் மடித்தபடி இருந்தது. ஜிம்முக்கான பணத்தையும் அண்ணி ஃபோனிலேயே முன்கூட்டிக் கட்டியிருந்தாள். கண்ணாடிக் கதவைத் தள்ளியதுமே எதிர்ச்சுவர் முழுக்க நிலைக்கண்ணாடி. அந்த அறையில் எல்லோரும் இரண்டிரண்டு பேராக ஓடிக்கொண்டிருந்தார்கள். நடுவில் அவளும் ஒருத்தி, கதவை அடைத்துக்கொண்டு நின்றாள். மேசையிலிருந்த பெண் கழுத்திலிருந்து செருப்பு வரை பார்த்துவிட்டு, “கர்ட்டனுக்கு அளவெடுக்கவா? யாராச்சும் வருவாங்கன்னு மாஸ்டர் சொல்லிட்டிருந்தாரு” என்றாள். இப்படி ஓர் உடம்பு இந்த இடத்துக்குள் வர வேறு என்ன காரணம் இருக்க முடியும் என்பதில் அந்தப் பெண்ணுக்குச் சந்தேகமே இல்லை. அதில் கேலி இல்லாததுதான் அதிகம் வலித்தது. ஆமாம் என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

பிறகு என்ன செய்வது? அளந்தாள். மேற்கு வெயில் ஓடுபவர்களின் முகத்தில் அடிக்கும் ஜன்னல்கள் அத்தனையையும், நிலைக்கண்ணாடிக்கு முதுகைக் காட்டியபடியே நகர்ந்து நகர்ந்து அளந்தாள். பொய் சொல்லி நுழைந்த இடத்திலும் அவளுக்குத் தப்பாக அளக்க வரவில்லை. மடிப்புக்கும் சுருக்கத்துக்கும் துணி விட்டுக் கணக்குப் போட்டு, எந்தத் துணி வெயில் தாங்கும் என்று ஜிம் மாஸ்டரிடம் விளக்கியும் சொன்னாள். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

“இங்க ஒரு உசிரு போய்க்கிட்டிருக்கு” என்றாள் அண்ணி ஃபோனில். “நீ ஜன்னல் அளந்துக்கிட்டு இருக்கே.”

அண்ணனின் கல்லீரல் கெட்டுப்போய்விட்டது. வேறொருவர் தன்னுடையதில் ஒரு பாகத்தைக் கொடுத்தால் பிழைப்பான். கொடுத்தவருக்கு அது திரும்ப வளர்ந்துவிடும் என்றார் மருத்துவர், ஏதோ நகம் வெட்டுவதைச் சொல்வதுபோல. அண்ணிக்கு ரத்தம் பொருந்தவில்லை. பிள்ளைகள் இருவரும் இன்னும் பள்ளிக்கூடத்தில். அவளுக்குப் பொருந்தியது. ஆனால் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த மருத்துவர் உதட்டைப் பிதுக்கினார். ஈரல் முழுக்கக் கொழுப்பு, இப்படியே எடுக்க முடியாது, உடம்பைக் குறைத்துக்கொண்டு வரட்டும் என்றார். அறையிலிருந்த எல்லோரும் ஒரே சமயத்தில் திரும்பி அவளைப் பார்த்தார்கள். அவள் கைப்பையை எடுத்து வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள்.

நினைவு தெரிந்த நாளிலிருந்தே அப்படித்தான், அவளுக்கு எப்போதும் வயிற்றின்மேல் வைத்துக்கொள்ள ஏதாவது வேண்டும். தலையணை, புத்தகப்பை, மடித்த துணி. மூட்டை என்று பெயர் வைத்தது அண்ணன்தான். செல்லமாகத்தான் வைத்தான். அந்தச் செல்லம் தெருவுக்குப் போனது, பள்ளிக்குப் போனது, அவன் பிள்ளைகள் இப்போது மூட்டை அத்தை என்கிறார்கள். கடைக்குத் துணி கொண்டுவரும் வியாபாரி ஒருவர் ஒரு முறை அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டு வீட்டுக்கு வந்தார். அமைதியான மனிதர். அவளிடம் பேசும்போது முகத்தைப் பார்த்து மட்டுமே பேசுவார். பேச்செல்லாம் நல்லபடி முடிகிற நேரத்தில் அண்ணன், “சரி, லாரி கொண்டாந்திருக்கீங்களா?” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டார். சிரித்துவிட்டதற்காக வெட்கப்பட்டோ என்னவோ, பிறகு அவர் வரவேயில்லை. துணியை வேறு ஆள் கொண்டுவந்தான். அண்ணன் அதை மறந்துவிட்டான். அவனுக்கு அது ஒரு வாய் வார்த்தை.

கடை முதலாளிக்கு மட்டும் சந்தோஷம், ஜிம்மிலிருந்து தானாக ஒரு வேலை வந்ததில். தைத்த திரைச்சீலைகளை மாட்டவும் அவளையே அனுப்பினார். ஏணியில் ஏறி வளையங்களைக் கம்பியில் கோத்துக்கொண்டிருந்தபோது கீழே எடை தூக்கிக்கொண்டிருந்த கல்லூரிப் பையன்களில் ஒருவன், “ஏணி பாவம்டா” என்றான். அவளுக்குக் கேட்காது என்று நினைத்திருப்பான். மேலே நின்றபடி அவனைப் பார்த்தாள். குச்சிக் காலும் ஊதிய தோளுமாக, கண்ணாடியில் தன்னைப் பக்கவாட்டில் பார்த்து வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டிருந்தான். அவனுக்கு இழுக்க வயிறே இல்லை. கோபம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. இன்னொரு தடவை இங்கிருந்து ஜன்னல் அளந்துவிட்டுப் போனால் அண்ணியிடம் என்ன சொல்வது என்கிற அலுப்புதான் வந்தது.

இறங்கி, ஏணியை மடித்துச் சுவரோரம் சாய்த்துவிட்டு, உடை மாற்றும் அறைக்குப் போனாள். அண்ணி தந்த உடுப்பை மாற்றிக்கொண்டு அவள் வெளியே வந்ததும் மேசைப் பெண், “அக்கா, அந்த ரூம் மெம்பருங்களுக்கு மட்டும்தான்” என்றாள்.

“நான் மெம்பர்தாம்மா.”

அந்தப் பெண்ணின் முகம் போன போக்கைப் பார்த்தபோது, பல வருடங்களில் முதல் தடவையாக அவளுக்குச் சிரிக்கத் தோன்றியது.

யாரும் உங்களைப் பார்க்கவில்லை என்று மாஸ்டர் தினமும் சொன்னார். பொய். பார்த்தார்கள். டிரெட்மில்லில் அவள் நடந்தால் பக்கத்து மெஷின்காரர் அது உடைந்துவிடுமோ என்று எட்டிப் பார்த்தார். குனிந்தால் பின்னால் பேச்சு நின்றது. ஆரம்பத்தில் வீட்டுக்குப் போய்க் குளிக்கும்போது அந்தப் பார்வைகளையும் சேர்த்துத் தேய்த்துக் கழுவினாள். பிறகு அது பழகியது. கடையில் புதிதாகச் சேர்பவர்களுக்குச் சாயத்துணியின் நாற்றம் தாங்காமல் குமட்டும். கொஞ்ச நாளில் மூக்குக்கு அது தெரியாது. நாற்றம் போய்விட்டதென்று அர்த்தமில்லை. அதுபோலத்தான். வெட்கத்தை வெல்வதென்றால் ஏதோ கதவு திறந்து வெளிச்சம் வரும் என்று அவள் நினைத்திருந்தாள். அது வெறும் காய்ப்பு, கத்தரி பிடித்துப் பிடித்து உள்ளங்கையில் வந்ததைப் போலவே.

அவள் எதிர்பார்க்காதது இரும்பு. நடை சலித்துப்போன ஒரு நாள் மாஸ்டர் அவளைத் தரையில் கிடந்த எடை தூக்கும் கம்பியின் முன் நிறுத்தினார். முழங்காலை மடக்குங்க, முதுகு நேரா, தூக்காதீங்க, தரையை மிதிச்சு எழுந்திருங்க என்றார். எழுந்தாள். கம்பியும் கூட வந்தது. இரண்டு பக்கமும் இரும்பு வட்டுகளைச் சேர்த்தார். அதுவும் வந்தது. துணிக்கட்டுகளைத் தோளில் சுமந்தே வளர்ந்த உடம்பு அது. ஏணிக்காகப் பாவப்பட்ட பையன் தன் பயிற்சியை நிறுத்திவிட்டுப் பார்த்தான். அன்று அவளுக்கு வயிற்றின்மேல் எதையும் வைத்துக்கொள்ளத் தோன்றவில்லை. அந்தச் சில நொடிகள் உடம்பு என்பது ஒளித்துவைக்கும் பொருளாக இல்லாமல், வேலை தெரிந்த ஓர் ஆளாக இருந்தது.

அண்ணன் வீட்டில் இதை யாரிடமும் சொல்லவில்லை. அவர்கள் கேட்டது எடை மட்டும். அண்ணி வாரா வாரம் வந்து தராசில் ஏற்றிப் பார்த்தாள், தட்டை எட்டிப் பார்த்தாள், சோற்றை ஒரு கரண்டி திரும்ப எடுத்தாள். முள் இறங்க இறங்க முகம் மலர்ந்தது. “இப்பத்தான் ஒரு வடிவத்துக்கு வந்திருக்கே” என்றாள். வெட்டுவதற்கு ஆட்டை வளர்ப்பவர்கள் கொழுக்கத்தானே வைப்பார்கள், இங்கே தலைகீழ் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்புக்காகத் தன்மேலேயே கோபமும் வந்தது.

அடுத்த ஸ்கேன் சுத்தமாக இருந்தது. தேதி குறிப்பதற்கு முன் ஆஸ்பத்திரியில், உறுப்பு கொடுப்பவர்களிடம் பேசுவதற்கென்றே இருந்த ஓர் அம்மாள் அவளைத் தனியாக உட்காரவைத்துக் கதவைச் சாத்தினாள். வெட்டினால் தழும்பு எவ்வளவு நீளம், எத்தனை மாதம் கனமானது எதையும் தூக்கக் கூடாது, எதெல்லாம் விபரீதமாகப் போகலாம் என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

“உங்களுக்கு இஷ்டம் இல்லன்னா இப்பவே சொல்லிடுங்க. ஈரல் பொருந்தலன்னு மட்டும் நாங்க வீட்டுல சொல்லிடுவோம். காரணம் இந்த அறையத் தாண்டாது. யாரும் உங்களக் குறை சொல்ல முடியாது.”

அவள் யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள். நாளைக்குள் சொல்ல வேண்டும் என்றாள் அந்த அம்மாள்.

அங்கிருந்து நேராக அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணி கடைக்குப் போயிருந்தாள். பிள்ளைகள் இன்னும் வரவில்லை. அண்ணன் தலையணையிலிருந்து சரிந்து கட்டிலின் ஓரத்தில் கோணலாகக் கிடந்தான். கண்ணின் வெள்ளையெல்லாம் மஞ்சள். வயிறு மட்டும் நீர் கோத்து உப்பியிருந்தது. போர்வையை அதன்மேல் இழுத்துவிட்டுக்கொண்டான். அந்தக் கை அசைவு அவளுக்கு நன்றாகத் தெரிந்ததுதான்.

“வந்துட்டியா மூட்டை” என்றான். “டாக்டர் சரின்னுட்டாராமே. உன் அண்ணி ஃபோன்ல சொன்னா.”

அவள் கைப்பையைத் தரையில் வைத்தாள். ஒரு காலை முன்னால் வைத்து, முழங்காலை மடக்கி, அவன் அக்குள்களுக்குள் கைகொடுத்தாள். தரையை மிதித்தாள். அவன் வந்தான். கம்பியைவிட லேசாக இருந்தான். அவன் தாடை அவள் தோளில் இடித்தது. மருந்து வாடை அடித்தது. இவ்வளவு கிட்டத்தில் அவர்கள் சின்ன வயதில்கூட இருந்ததில்லை.

“எப்படி இவ்ளோ சுளுவா தூக்கறே?” என்றான் அவன், ஆச்சரியத்தோடு.

அவனைத் தலையணையில் சாய்க்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அண்ணா, டாக்டர் சொன்ன நாள்லேருந்து எல்லாரும் எல்லாம் பேசிட்டீங்க. நான் தருவேன்னு நீங்களே முடிவும் பண்ணிட்டீங்க.” குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. “நீ என்கிட்ட கேக்கவே இல்ல. ஒரே ஒரு தடவை என்கிட்ட கேளு.”

அவன் மூச்சு அவள் கழுத்தில் நின்று நின்று பட்டது. கீழ்த்தளத்தில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். வாய் திறந்து, உதட்டை நனைத்து, மறுபடி மூடும் சத்தம் அவள் காதோரம் கேட்டது. அவள் முகத்தைப் பார்க்க அவனால் முடியவில்லை. அவன் முகம் அவள் தோளுக்குப் பின்னால் இருந்தது. அவன் கேட்கும்வரை அவள் இறக்குவதாக இல்லை. கைகளில் இன்னும் பலம் இருந்தது.