தாமதமாக விழுந்த கை

1

இந்தக் கதை எனக்குச் சுவர் வழியாக வந்தது.

வாரசிகூடாவில் எங்கள் வீட்டுக்கும் ஐலய்யா வீட்டுக்கும் நடுவே இருப்பது ஒற்றைச் செங்கல் சுவர். அந்தப் பக்கம் ஒரு தட்டு விழுந்தால் இந்தப் பக்கம் நாங்கள் திரும்பிப் பார்ப்போம். போன மழைக்காலத்தில் அங்கிருந்து ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. டொப். டொப்டொப். டொப். பாட்டு இல்லை, சுருதி இல்லை. ரப்பரில் விரல் விழுகிற சத்தம் மட்டும். ஹெட்போன் மாட்டிக்கொண்டு வாசிக்கிறவருக்கு ஒரு முழு பேண்டே கேட்டுக்கொண்டிருக்கும். பக்கத்து வீட்டுக்காரனுக்குக் கிடைப்பது இவ்வளவுதான்.

எழுத உட்கார்ந்தபோது முதலில் வந்த வரி:

“ஐலய்யாவின் வலது கை அவரை விட்டுப் போனது ஒரு…”

வேண்டாம். நோயில் தொடங்கினால் நீங்கள் அவருக்காகப் பரிதாபப்பட்டுவிடுவீர்கள். அதற்குப் பிறகு அவர் அடிக்கும் ஜோக்குக்குச் சிரிக்கத் தயங்குவீர்கள். அது அவருக்குப் பிடிக்காது.

இரண்டாவது:

“ஊர்வலத்தில் பேட் வாசிக்கிறவன் அம்மனுக்கும் குடிகாரனுக்கும் நடுவில் நிற்கிறான், ரெண்டு பேரையும்…”

இது ஐலய்யாவே ஒருமுறை சொன்னது. நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் வாயில் வந்த அடுத்த பாதியை அச்சில் போட முடியாது.

ஆகவே நடந்ததை நடந்த வரிசையில் சொல்லிவிடுகிறேன்.

2

லாரி மேல் ஸ்பீக்கர்களை அடுக்கி, முன்னால் எலக்ட்ரானிக் பேடுகளை வைத்துக் குச்சியால் வெளுத்து வாங்கும் கூட்டத்துக்கு எங்கள் பக்கம் ‘பேட் பேண்ட்’ என்று பெயர். அம்மனுக்குப் பானையில் சோறு படைக்கும் போனாலு பண்டிகை, பிள்ளையார் கரைப்பு, கல்யாண ஊர்வலம், எதுவானாலும் அவர்கள் வேண்டும். பிக்ஷபதியின் பேண்டில் ஐலய்யாதான் முதல் கை. ஒரு கல்யாண ஊர்வலத்தின் நடுவில் அந்தக் கையிலிருந்து குச்சி நழுவியது. குனிந்து எடுக்கப் போனவரும் விழுந்தார். பக்கவாதம்.

பேச்சு சீக்கிரம் திரும்பியது. நடையும் வந்தது. வலது கை மட்டும் யோசித்து யோசித்து வேலை செய்தது. விரலுக்குப் பயிற்சியாக ரப்பர் பந்தைப் பிசையச் சொன்னார்கள்.

“பந்தைப் பிசைஞ்சா என்ன வரும்? சப்பாத்தியா வரும்?” என்று அதை ஜன்னல் வழியாக வீசினார். எங்கள் துளசித் தொட்டியில் விழுந்தது.

அவர் மனைவி ஸ்வரூபா ஃப்ளெக்ஸ் பேனர் கடையில் டிசைன் செய்கிறவள். கம்ப்யூட்டர் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. எங்கேயோ விசாரித்து ஒரு சின்ன மிடி கீபோர்டை வாங்கி வந்தாள். மடியில் வைத்துக்கொள்ளலாம், கட்டைகள் கொஞ்சம், அவற்றுக்கு மேலே ரப்பர் சதுரங்கள். அந்தச் சதுரங்களும் பேட்தான், ஆனால் குச்சி வேண்டாம், விரல் போதும். தனக்கென்று ஒரு சத்தமும் இல்லாத பெட்டி அது. லேப்டாப்பில் சொருகி, இந்தச் சதுரத்துக்கு டப்பு மேளம், இதற்குக் கைத்தட்டல், இதற்கு விசில் என்று சொல்லிக்கொடுத்தால் அதைப் பேசும்.

முதல் நாள் ஐலய்யா வாசித்துவிட்டு ஹெட்போனைக் கழற்றி வைத்தார்.

“லேட்டா விழுது” என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். ஆனால் அந்த முகத்தை அவளால் பார்க்க முடியவில்லை. வாசித்ததைத் திரும்பப் போட்டுக் காட்டுவதற்கு முன் லேப்டாப்பில் ஒரு எழுத்தை அழுத்தினாள். க்யூ. அதை அழுத்தினால் முன்னே பின்னே விழுந்த அடிகளெல்லாம் நகர்ந்து போய்த் தாளத்தின் கோட்டில் ஒட்டிக்கொள்ளும். உலகம் முழுக்க எல்லோரும் செய்கிற வேலைதான், தப்பில்லை. அழுத்தியதை அவரிடம் சொல்லாததுதான் விஷயம்.

“இப்பக் கேளு பாவா.”

(பாவா என்றால் அத்தான். அவள் அவருக்கு அத்தை மகள். கல்யாணத்துக்கு முன்னாலும் பாவா, பின்னாலும் பாவா.)

அவர் கேட்டார். புருவம் சுருங்கியது.

“அடிக்கறப்ப லேட்டாக் கேட்டுச்சே?”

“அடிக்கற மும்முரத்துல அப்படித் தோணும். இதோ, சரியாத்தான விழுந்திருக்கு?”

3

இங்கே ஸ்வரூபாவைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம். அவளை எப்படி எழுதுவது? ஏமாற்றுக்காரி என்று எழுதினால் பொய். தியாகி என்று எழுதினால் பெரிய பொய். மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது அவளே என்னிடம் சொன்னதை அப்படியே வைத்துவிடுகிறேன்.

“அன்னைக்கு ராத்திரி ஜொன்ன ரொட்டி ரெண்டு கூடச் சாப்பிட்டாருண்ணா. அதுக்கு முன்னாடி எவ்வளவு கெஞ்சினாலும் தட்டைத் தள்ளி வெச்சுடுவாரு. மறுநாள் அவரே பெட்டியை எடுத்து மடியில வெச்சுக்கிட்டாரு. நான் எப்படிச் சொல்றது?”

“சொல்லித்தானே ஆகணும்?”

“சொல்றேன். நாளைக்கு.”

[அந்த ‘நாளைக்கு’ வந்த ஒவ்வொரு நாளையும் ஒரு பத்தியாக எழுதிப் பார்த்தேன். எல்லாப் பத்தியும் ஒரே மாதிரி இருந்தது. கிழித்துவிட்டேன்.]

ஐலய்யா தினமும் வாசித்தார். டொப்டொப். சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கு அது சரியா தாமதமா என்று தெரியவே தெரியாது. கூடவே தாளமும் கேட்டால்தானே தாமதம் தெரியும்? எனக்குக் கேட்டது வெறும் விரல்.

4

பிக்ஷபதி உடம்பு விசாரிக்க வந்தார். கனத்த உருவம், கழுத்தில் துண்டு, சிரித்தால் எங்கள் வீட்டுப் பாத்திரமும் அதிரும். ஐலய்யா தான் வாசித்த ஒரு பாட்டைப் போட்டுக் காட்டினார்.

“டேய், இது நீயா வாசிச்சே?”

“இல்ல, உங்க அப்பா வந்து வாசிச்சுட்டுப் போனாரு.”

“பாதி உடம்பை வெச்சுக்கிட்டு இப்படி வாசிக்கிறியேடா பாவி!”

“நீ முழு உடம்பை வெச்சுக்கிட்டு என்னத்தக் கிழிச்சே? அந்தத் தொப்பையில தட்டினாலே நல்ல டப்பு சத்தம் வரும்.”

பிக்ஷபதி சிரித்தார். பிறகு அந்தப் பெட்டியை விரலால் தட்டிப் பார்த்தார். “இந்த போனாலுக்கு வண்டி மேல ஏறுடா. ஒரே ஒரு பாட்டு. இந்தப் பெட்டியையே கொண்டு வா. ஞாயித்துக்கிழமை ஒத்திகைக்கு வந்துடு” என்றார்.

உள்ளேயிருந்து ஸ்வரூபா, “இன்னும் கை தேறல அண்ணா. அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்” என்றாள்.

“தேறலையா? நீதானடி தினமும் சரியா இருக்கு சரியா இருக்குங்கற?” என்றார் ஐலய்யா.

உள்ளே குழாய் திறக்கிற சத்தம் கேட்டது.

(பிக்ஷபதியைக் கொஞ்சம் கெட்டவராக எழுதியிருந்தால் கதைக்கு வசதியாக இருந்திருக்கும். அவர் ஒத்துழைக்கவில்லை. அன்று போகும்போது வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டதை நானே பார்த்தேன்.)

5

போயிகூடாவில் ஒரு மரக்கடைக்குப் பின்னால் தகர ஷெட். ஞாயிற்றுக்கிழமை காலை. ஐலய்யா கூப்பிட்டதால் நானும் போயிருந்தேன். “ரைட்டர் சார், வந்து பாருங்க. நீங்க எழுதறதெல்லாம் அடிச்சுத் திருத்தி எழுதறது. எங்களுதுல அடிச்சா அடிச்சதுதான்” என்றார்.

ஸ்வரூபா லேப்டாப் முன் உட்கார்ந்திருந்தாள். அங்கே க்யூ உதவாது. விழுந்த அடியை நகர்த்தலாம். விழப்போகிற அடியை நகர்த்த முடியாது.

பாட்டு தொடங்கியது. ஐலய்யாவின் கை இறங்கியது. எனக்குத் தாளம் தெரியாது, எனக்கே தெரிந்தது. ஒவ்வொரு அடியும் கூட்டம் போன பிறகு ஓடி வருகிறவன் மாதிரி வந்து சேர்ந்தது. பாடுகிறவர் ஒரு வரியில் தடுமாறி இன்னொரு வரியில் பிடித்தார். தாஷா மேளம் வாசித்தவர் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். பிக்ஷபதி ஸ்பீக்கர் ஒயரைத் தேவையில்லாமல் பிடுங்கிச் சொருகினார்.

ஐலய்யா நிறுத்தவில்லை. அவர் முகத்தில் ஒரு சிரிப்பு.

இந்த இடத்தை நான் மூன்று விதமாக எழுதினேன். ஒன்றில் அவருக்குத் தாமதம் கேட்கவேயில்லை. இன்னொன்றில் கேட்டும் வீம்புக்கு வாசித்தார். இரண்டும் தப்பு. உண்மை என்னவென்று அவர் பிறகு சொன்னார். தாமதமாகத்தான் கேட்டது, தெளிவாகக் கேட்டது. ஆனால் தாமதமாகக் கேட்டால் சரியாக விழுகிறது என்று அர்த்தம் என்று ஸ்வரூபா அவரைப் பழக்கியிருந்தாளே! அதனால் நம்பிக்கையோடு வாசித்தார்.

ஸ்வரூபா எழுந்து போய் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“நிறுத்து பாவா. லேட்டாத்தான் விழுது. எப்பவுமே லேட்டாத்தான் விழுந்துச்சு. நான்தான் மெஷின்ல இழுத்து இழுத்து வெச்சேன்.”

பாட்டு தானாக ஓடிக்கொண்டிருந்தது. யாரோ அணைத்தார்கள்.

6

நீங்களாக இருந்தால் அவர் முதலில் என்ன சொன்னதாக எழுதுவீர்கள்? நான் கோபத்தை எதிர்பார்த்தேன்.

“அப்ப எனக்குக் கேட்டது சரியா?” என்றார்.

“என்ன பாவா?”

“லேட்டுன்னு எனக்குக் கேட்டுச்சே. அது சரியாத்தான் கேட்டுச்சா?”

“ஆமா.”

அவர் கீழே உட்கார்ந்துவிட்டார். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். வலது கை கொஞ்சம் பின்னால் வந்து சேர்ந்தது.

“கை போச்சு, சரின்னு விட்டேன். காதும் போயிடுச்சுன்னு நெனச்சேன் ஸ்வரூபா. உன்கிட்டச் சொல்லல. குக்கர் விசில் அடிச்சாக்கூட இது நெஜமா இப்பத்தான் அடிக்குதான்னு பார்ப்பேன். இருந்தது அது ஒண்ணுதான். அதையும் பொய்யாக்கிட்டியேடி.”

அவள் அழவில்லை. “ரொட்டி சாப்பிட்டே” என்றாள். அந்த ஷெட்டில் வேறு யாருக்கும் அது புரிந்திருக்காது.

கோபம் வீட்டுக்கு வந்த பிறகுதான் வந்தது. சத்தமில்லாத கோபம். சுவருக்கு அந்தப் பக்கம் தட்டு வைக்கிற ஓசை மட்டும் கேட்டது. டொப் இல்லை.

7

ஒரு மத்தியானம் அவர் குரல் கேட்டது. “அந்த மெஷின் இழுத்து வெச்சதையெல்லாம் திரும்ப அதது விழுந்த இடத்துல வைக்க முடியுமா?”

“முடியும். மொதல்ல விழுந்த இடம் அதுக்கு ஞாபகம் இருக்கும்.”

“வை. எல்லாத்தையும். ஆரம்பத்துலேர்ந்து போடு.”

ஹெட்போன் வேண்டாம் என்று ஸ்பீக்கரில் போடச் சொன்னார். அதனால் நானும் கேட்டேன். முதல் நாள் வாசித்தது, அதற்குப் பிறகு, அதற்கும் பிறகு. திருத்தப்படாத ஐலய்யா. கேட்கக் கஷ்டமாக இருந்தது. தாளம் ஒரு தெருவில் போனது, கை இன்னொரு தெருவில் தேடிக்கொண்டிருந்தது.

ஆனால் போகப் போக ஏதோ மாறியது. எனக்குப் பிடிபடவில்லை. அவருக்குப் பிடிபட்டது.

“நிறுத்து. இது எப்ப வாசிச்சது?”

“தீபாவளி சமயம்.”

“இது?”

“போன மாசம்.”

இரண்டையும் மறுபடி போடச் சொன்னார்.

“இடைவெளி குறைஞ்சிருக்கு” என்றார்.

கை உண்மையாகவே தேறிக்கொண்டு வந்திருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக, நோகவைக்கும் அளவுக்கு மெதுவாக. அது இருவருக்கும் தெரியாமல் போனது. முதல் நாளும் சரி, கடைசி நாளும் சரி என்று க்யூ ஒரே மாதிரி ஆக்கி வைத்திருந்தது. அவள் கொடுத்த பொய்யான குணத்துக்கு அடியில் நிஜமான குணம் மறைந்து கிடந்தது.

“நான் பார்த்திருக்கணும்” என்றாள் ஸ்வரூபா.

“நான் கேட்டிருக்கணும்” என்றார் அவர். “நீ விட்டாத்தான?”

இருவரும் சிரித்தார்களா என்று எனக்குத் தெரியாது. ஒரு மூச்சுச் சத்தம் கேட்டது. அதைச் சிரிப்பு என்று எழுதிவிட ஆசையாக இருக்கிறது. ஆனால் இந்தக் கதையில் இனி எதையும் இழுத்து வைக்கக் கூடாது.

8

முடிவுக்கு வந்துவிட்டோம். என்னிடம் சில வரைவுகள் இருக்கின்றன.

அவர் வண்டியில் ஏறவில்லை, ஸ்வரூபா ஏறி வாசித்தாள் என்று ஒன்று. அவள் மேடை என்றாலே ஓடிவிடுவாள், அடித்துவிட்டேன். அம்மன் அருளால் கை சரியாகி அடி துல்லியமாக விழுந்தது என்று இன்னொன்று. பத்திரிகை ஆசிரியருக்கு மிகவும் பிடிக்கும், அதனாலேயே வேண்டாம். மூன்றாவது, பிக்ஷபதி…

இல்லை. நடந்தது இது.

ஊர்வல நாளன்று ஐலய்யா வண்டியில் ஏறினார். பிக்ஷபதி கீழிருந்து தள்ள, பாடகர் மேலிருந்து இழுக்க, “மூட்டைய ஏத்தற மாதிரி ஏத்தறானுங்க பாருங்க” என்று திட்டிக்கொண்டே ஏறினார். எல்லோருக்கும் தெரிந்தேதான் ஏறினார். கை தாமதமாகலாம் என்று பாடகருக்குச் சொல்லியாகிவிட்டது. “லேட்டானா நீ நில்லு, நான் வந்துடறேன்” என்றாராம் ஐலய்யா.

ஒரு பாட்டு. அம்மனின் தம்பி போத்தராஜுவாக உடம்பெல்லாம் மஞ்சள் பூசியவர் சாட்டையைச் சுழற்றிக்கொண்டு வண்டிக்கு முன்னால் ஆடினார். நான் கூட்டத்தில் இருந்தேன். முன்னால் ஒரு டப்புக் கூட்டம், பின்னால் இன்னொரு லாரி, விசில், வேப்பிலை, தூறல். ஐலய்யாவின் கை இறங்குவது தெரிந்தது. சரியாக விழுந்ததா? எனக்குக் கேட்கவில்லை. சத்தியமாகக் கேட்கவில்லை. ஜனங்கள் ஆடினார்கள், ஆனால் அவர்கள் ஆம்புலன்ஸ் சைரனுக்கும் ஆடுகிறவர்கள்.

அவரை இறக்கினார்கள். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. ஸ்வரூபா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். நன்றாக இருந்தது என்றோ இல்லை என்றோ அவள் சொல்லவில்லை.

“எப்படி விழுந்துச்சு பாவா?” என்று கேட்டாள்.

அவர் தண்ணீரைக் குடித்து முடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டார். தன் காதுக்குக் கேட்டதைச் சொன்னார்.

நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன், அவர் சொன்னது எனக்குத் தெரியும். எழுதப் போவதில்லை. எழுதினால் நீங்கள் அது சரியா என்று யோசிக்க ஆரம்பிப்பீர்கள். அவள் யோசிக்கவில்லை. “சரி” என்று தலையாட்டிவிட்டு, காலிப் பாட்டிலை வாங்கிக்கொண்டாள்.