சணல் முடிச்சு

குளிப்பாட்டி முடித்து, அப்புசாமியின் கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்து நாவிதர் வெள்ளைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தார். தலைமாட்டில் உட்கார்ந்திருந்த மயிலம்மாள், "அத்தன இறுக்கமா வேண்டாமுங்க" என்றாள்.

நாவிதர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். புருஷனைப் பறிகொடுத்தவளிடம் என்ன சொல்வது. துணியைக் கொஞ்சம் தளர்த்திவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

அந்தக் கால்களைப் போன மாதமே ஒருமுறை கட்டிப் பார்த்தாகிவிட்டது. அதுவும் சிரித்துக்கொண்டே.

ஒரே மகள் வசந்தாமணி மெட்ராஸில் ஓவியக் கல்லூரியில் மேல்படிப்புப் படிக்கிறாள். பொட்டப்புள்ளைக்குப் படம் வரைவதற்கு ஒரு படிப்பா, அதிலும் மேல்படிப்பா என்று சொந்தபந்தமெல்லாம் கேட்டது. "கோழி வளக்கவே நாமக்கல்லுல பாடம் நடத்தறானுங்க, படத்துக்கு நடத்தப்படாதா?" என்று அப்புசாமி வாயை அடைத்துவிட்டார். கடைசி வருஷத்துக்கு அவள் ஒரு கதை செய்ய வேண்டும். ஒரு வரி எழுத்துக்கூட இருக்கக் கூடாது, படம் படமாகவே கதை நகர வேண்டும். அவள் அப்பனையே கதையாக்கிவிட்டாள். கோழிப்பண்ணைக்காரர் ஒருவர் விடியலில் எழுந்து தீவனம் வைக்கிறார், முட்டை பொறுக்குகிறார், அப்படியே வயதாகிறது, ஒருநாள் செத்துப்போகிறார். மறுநாளும் கோழிகள் முட்டையிடுகின்றன. பொறுக்கத்தான் ஆளில்லை.

லீவுக்கு வந்திருந்தபோது அந்தச் சாவுப் படத்தைத்தான் வரைந்து வரைந்து கசக்கிப் போட்டாள். நீட்டிப் படுத்திருக்கும் கால்கள் அவளுக்குப் பிடிபடவில்லை. அப்புசாமி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வேப்பமரத்தடிக் கயிற்றுக்கட்டிலில் போய் மல்லாந்து படுத்துக்கொண்டார்.

"இப்பப் பாத்து வரை சாமி. பொறு, கட்டவெரலக் கட்டாம என்ன பொணம்?"

தீவன மூட்டையிலிருந்து உருவிய சணலை எடுத்து, தானே குனிந்து விரல்களைக் கட்டிக்கொண்டார். மயிலம்மாள் சாணிக் கையோடு ஓடி வந்தாள்.

"வெளக்கு வெக்கற ஊட்டுல இதென்ன வெளையாட்டுங்க? எந்திரிங்க மொதல்ல."

அவர் ஒற்றைக் கண்ணைத் திறந்தார். "பொணத்துகிட்டப் பேசப்படாது புள்ள."

மகள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்புத்தான் மயிலம்மாளுக்குத் தாங்கவில்லை. "இந்தப் படத்த நீ முடிச்சயின்னா இனி என்ர மூஞ்சீல முழிக்காத" என்றாள். மறுநாள் வசந்தாமணி மெட்ராஸ் கிளம்பினாள். வாசலில் நின்று அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். போயிட்டு வா என்று ஒரு வார்த்தை மயிலம்மாள் சொல்லவில்லை.

நேற்றுச் சாயங்காலம் கோழிக் கொட்டகையில் முட்டைக் கூடையோடு உட்கார்ந்த மனுஷன் எழுந்திருக்கவே இல்லை.

"நங்கை, வெயில் ஏறுதுங்க" என்று அண்ணியிடம் சொன்னார் சென்னிமலை. அப்புசாமியின் தம்பி. ஹாஸ்டலுக்குப் போன் போட்டுச் சொன்னவரும் அவர்தான். "சேலத்துல ரயில் எறங்கி பஸ் புடிச்சிருந்தா இந்நேரம் வந்திருக்கோணும். இனி வெக்க முடியாதுங்க."

"வருவா. இன்னுங் கொஞ்சம் பொறுங்க."

சொல்லிவிட்டாளே ஒழிய, அவளுக்கே நம்பிக்கை இல்லை. மூஞ்சியில் முழிக்காதே என்று வாய் கூசாமல் சொன்னவள் அவள்தானே. அந்தப் பிள்ளையும் அப்பனைப் போல ரோசக்காரி. வராமலே இருந்துவிட்டால்? கொட்டகையில் கோழிகள் விடாமல் கொக்கரித்துக்கொண்டிருந்தன. நேற்றிலிருந்து இட்ட முட்டைகள் அங்கே அப்படியே கிடக்கின்றன என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள். மயிலம்மாள் காதைப் பொத்திக்கொண்டாள்.

பாடையில் எடுத்து வைக்கப்போகும் நேரத்தில் வசந்தாமணி வந்தாள். தோளில் பை, கக்கத்தில் படங்கள் வைக்கும் பெரிய அட்டை. பந்தலுக்கு வெளியிலேயே நின்றுவிட்டாள். அப்பனைப் பார்க்கவில்லை, அம்மாவைத்தான் பார்த்தாள். உள்ளே வரலாமா என்று கேட்கிற பார்வை. மயிலம்மாள் கையை நீட்டினாள்.

"அங்கயே என்ன நிக்கற. வா கண்ணு. வந்து உங்கப்பாவப் பாரு."

அவள் வந்து காலடியில் விழுந்தாள். துணி முடிச்சைத் தொட்டாள். கையைச் சுட்டதுபோல் எடுத்துக்கொண்டாள். பிறகு அம்மாவைக் கட்டிக்கொண்டு காதில் சொன்னாள்.

"அந்தப் படத்தக் கிழிச்சுட்டம்மா. ரயில்ல வரும்போதே. சன்னல்ல வீசிட்டேன்."

பாடையைத் தூக்கினார்கள்.

ஆண்கள் சுடுகாட்டுக்குப் போனபின் பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு மயிலம்மாள் கொல்லைப்பக்கம் வந்தபோது, வசந்தாமணி வேப்பமரத்தடியில் மண்ணில் உட்கார்ந்திருந்தாள். கட்டில் காலியாகக் கிடந்தது. மயிலம்மாள் மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அந்தப் படத்துல அவரு எப்பிடி இருந்தாரு?"

"சிரிப்ப அடக்கிட்டுப் படுத்திருந்தாரும்மா. ஒதட்டோரம் மட்டும் அடங்கல. நானும் அப்பிடியேதான் வரஞ்சேன். வாத்தியாரு, பொணம் சிரிக்குது, திருத்துன்னாரு. நாந் திருத்தல."

"அதையப் போயிக் கிழிச்சயே."

"நீதானம்மா சொன்னே."

"நான் ஆயிரஞ் சொல்லுவேன்."

மயிலம்மாள் அப்போதுதான் உடைந்து அழுதாள். காலையிலிருந்து ஊரார் பார்க்க அழுததெல்லாம் வேறு. அழுது முடித்து ஈர முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"எப்பக் குடுக்கோணும் அந்தக் கதைய?"

"அடுத்த வாரம். நாங் குடுக்கலம்மா. வேற ஏதாச்சும் செஞ்சுக்கறேன்."

"ஈ மொய்க்க மொய்க்க அசையாமக் கெடந்தாரே உனக்காக. அது வீணாப் போறதா?"

"மூஞ்சி மனசுல இருக்குது. காலுதாம்மா எனக்கு வராது."

மயிலம்மாள் எழுந்து கட்டிலருகே போனாள். அன்றைக்கு அவர் கழற்றிக் கட்டில் காலில் மாட்டிவைத்த சணல் அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தது. முடிச்சைக்கூட அவிழ்க்காமல் விரலை மட்டும் உருவியிருக்கிறார், சோம்பேறி மனுஷன். அவள் கட்டிலில் ஏறிக் கால்களை நீட்டினாள். குனிந்து, அந்த வளையத்தைத் தன் கட்டைவிரல்கள் இரண்டிலும் மாட்டினாள்.

"அம்மா, வேண்டாம்மா."

"இப்பிடித்தான வெச்சிருந்தாரு? வலது காலு கொஞ்சம் வெளிய சாஞ்சாப்பல?"

வசந்தாமணி தலையை ஆட்டினாள். பிறகு அட்டையை மடியில் வைத்துப் பென்சிலை எடுத்தாள். மயிலம்மாள் மெதுவாகச் சாய்ந்து படுத்தாள். காலையில் மெட்டி கழற்றிய இடம் கட்டைவிரலுக்கு அடுத்த விரல்களில் வெளுத்துக் கிடந்தது.

"மெட்டித் தழும்ப உட்டுட்டு வரை கண்ணு" என்றாள். "அவருக்கு அது இல்ல."

கால்மேல் ஓர் ஈ வந்து உட்கார்ந்தது. அவள் அசையவில்லை.