பின்பக்கப் படிக்கட்டு

கிழக்கு வெளுக்கும்போதே அவள் கட்டி முடியாத கட்டடத்தின் உச்சிப்படியில் மண்டியிட்டிருந்தாள். டேப்பைச் சுவரோடு அழுத்திய விரல் நுனிகளைச் சிமெண்ட் அரித்திருந்தது. ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் வெறும் காற்று. டேப்பின் மறுமுனையைப் பிடித்திருந்த, கூட வேலை பார்க்கும் மாப்பிள்ளைக்கு மூச்சு வாங்கியது.

"ரெண்டு பேர் ஒண்ணா இறங்க முடியாதுக்கா. தோள் இடிக்கும்."

"அப்ப வரைபடத்தைத் திருப்பி அனுப்ப வேண்டியதுதான்."

"அனுப்பினா முதலாளி நம்ம வயித்துலதானே அடிப்பாரு?"

கட்டட வரைபடங்கள் தீ விதிகளுக்குப் பொருந்துகின்றனவா என்று சரிபார்க்கும் வேலையை நகராட்சி ஒரு தனியார் கம்பெனியிடம் விட்டிருந்தது. அங்கே சரிபார்ப்பவர்கள் மூன்றே பேர். எந்த வரைபடத்தைப் பிரித்தாலும் 'தப்பிக்க இன்னொரு படிக்கட்டு எங்கே?' என்று முதலில் கேட்பதால் அவள் படிக்கட்டக்கா. கல்யாணக்களை இன்னும் போகாதவன் மாப்பிள்ளை. தண்ணீர்த் தொட்டியும் குழாயும் பார்க்கும் பெரியவர் தொட்டி சார். முன்பு மாதச் சம்பளம். இப்போது பாஸ் போட்ட வரைபடத்துக்குத்தான் கூலி; திருப்பி அனுப்பினால் அந்த உழைப்பு வீண். இப்படி நேரில் போய் அளப்பதெல்லாம் ஆபீஸ் நேரத்துக்கு முன்னால், இனாமாக.

டேப்பைச் சுருட்டியபடி நிமிர்ந்த மாப்பிள்ளை அப்படியே நின்றுவிட்டான். தொழிற்பேட்டைப் பக்கம் கரும்புகை எழும்பிக்கொண்டிருந்தது.

"அக்கா... அது அந்தத் தையல் கம்பெனிதானே?"

அவள் இறங்கி ஓடினாள்.

பின்பக்கப் படிக்கட்டை இடித்துத் துணிக்கிடங்கைப் பெரிதாக்க அந்தக் கம்பெனியின் வரைபடம் வந்தபோது, முடியாதென்று திருப்பியவள் அவள். அவர்களுடைய முதலாளி அதை அவள் மேசையிலிருந்து எடுத்து மாப்பிள்ளையின் மேசையில் போட்டார். "வீட்ல பொண்டாட்டி மாசமா இருக்கா. யோசிச்சு செய்" என்றார். அவன் பாஸ் போட்டான்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது நெருப்பு அணைந்திருந்தது. கருகிய துணியின் நாற்றம் தொண்டையைப் பிடித்தது. இரவு ஷிப்டுப் பெண்களைப் போர்வையில் சுற்றி இறக்கிக்கொண்டிருந்தார்கள். முகம் முழுக்கக் கரியாக இருந்த ஒரு தீயணைப்பு வீரர் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்: "எல்லாரும் பின்சுவருகிட்டதான் கிடந்தாங்க. முன்னாடி அங்க படி இருந்துச்சாம். புகையில பழைய ஞாபகத்துல அங்கேயே ஓடியிருக்காங்க."

மாப்பிள்ளை தெருவோரம் குந்தி வாந்தியெடுத்தான்.

அன்று மதியம் முதலாளி மூவரையும் அறைக்குள் கூப்பிட்டார். ஏசி ஓடியும் அவருக்கு வியர்த்தது.

"விசாரணைக்கு வருவாங்க. மூணு பேரும் ஒரே மாதிரி சொல்லணும். இவன் கவனிக்காம விட்டுட்டான்னு. வக்கீலை நான் வைக்கிறேன், இவன் குடும்பத்தையும் நான் பாத்துக்கிறேன்."

"செஞ்சது நான்தானே" என்று முனகினான் மாப்பிள்ளை.

"கை உன்னுது. கழுத்துல கத்தி வெச்சது யாரு?" என்றாள் படிக்கட்டக்கா.

முதலாளி அவள் பக்கம் திரும்பினார். "நீதான் திருப்பி அனுப்பினவ ஆச்சேம்மா. உனக்கெதுக்கு வம்பு? நீ தப்பிச்சுட்ட."

அந்தச் சொல் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. "திருப்பி அனுப்பிட்டு வாயை மூடிட்டு இருந்தேன் சார். அதுவும் பாஸ் போட்ட மாதிரிதான்."

இத்தனை வருஷத்தில் அந்த அறைக்குள் 'சரிங்க சார்' தவிர வேறெதுவும் பேசாத தொட்டி சார் தொண்டையைச் செருமினார். "நீங்க மிரட்டி பாஸ் வாங்கின கட்டடம் இன்னும் இருக்கு. அதுலயெல்லாம் இப்பவும் ஆளுங்க தூங்குறாங்க. அத்தனையும் மறுபடி சோதிக்கிறவரைக்கும் நாங்க வேலை பாக்கறதா இல்ல."

"வெளிய போனா இந்த வேலைக்கு ஆயிரம் பேர் நிக்கிறான்யா!"

"நிக்கட்டும். அவங்ககிட்டயும் இதையே சொல்றோம்."

அன்றிரவு வீட்டில் பட்டறை அழுக்கைத் தேய்த்துக் கழுவிக்கொண்டே படிக்கட்டக்காவின் கணவன் கேட்டான். "வேலை போயிடுமா?"

"போயிடும்."

அவன் கையைத் துடைத்துக்கொண்டான். "நாளைக்கு எனக்கு மதிய ஷிப்டு. காலையில நானும் வந்து நிக்கிறேன்."

மறுநாள் தங்கள் கம்பெனி வாசலில் நால்வராய் நின்றார்கள். கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பெண்கள் தயங்கித் தயங்கி வந்து அருகில் ஒதுங்கினார்கள். டிரைவர் வண்டிச் சாவியைக் காவலாளி கையில் கொடுத்துவிட்டு வந்து சேர்ந்தான். முதலாளி உள்ளிருந்து கேட்டைப் பூட்டச் சொன்னார்.

வெயில் ஏறும் நேரத்தில் தெருவடைக்கத் தையல் பெண்கள் வந்தார்கள். முன்னால் வந்தவள், பெற்ற மகளை முந்தின நாள் புதைத்தவள்.

"படியை இடிக்கலாம்னு சொன்னது யாரு?"

படிக்கட்டக்கா வாய் திறப்பதற்குள் மாப்பிள்ளை முன்னால் போனான். "பாஸ் போட்டது நான்தாம்மா."

பளீரென்று அறைந்தாள். அவன் நகரவில்லை.

"போட வெச்சவரு உள்ள இருக்காரு. அதை ஊரறியச் சொல்லத்தான் நிக்கிறோம். ஜெயிலுக்குப் போனாலும் சொல்லுவேன்."

அந்தத் தாய் பூட்டிய கேட்டையே பார்த்தாள். உள்ளே தையல் கம்பெனிக்காரனின் காரும் நின்றிருந்தது.

"உன்னை நான் மன்னிக்கல."

"வேண்டாம்மா."

அவள் கேட்டுக்கு எதிரே சுடுதரையில் உட்கார்ந்தாள். பின்னால் திரும்பி, "உக்காருங்கடி" என்றாள். தெரு முழுவதும் உட்கார்ந்தது.

தெருமுனையில் போலீஸ் வண்டி வரும் சத்தம் கேட்டது. யாரும் எழவில்லை. படிக்கட்டக்கா அந்தத் தாயின் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்து, இன்னும் நின்றுகொண்டிருந்த மாப்பிள்ளையின் கையைப் பிடித்துத் தன்னருகே இழுத்துக்கொண்டாள்.