கிண்ணத்தடியில் ஒரு சொட்டு

எலிகள் பதினாறா, பதினெட்டா என்று இப்போது கேட்டால் அடித்துச் சொல்ல எனக்குத் துணிவில்லை. பேசிய பேச்சிலும் ஒன்றிரண்டு சொல் முன்பின்னாக இருக்கலாம். பழி யார் தலையில் விழுந்தது என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமில்லை.

ஆய்வுக்கூடத்தில் எலிக்கூண்டுகளைப் பார்த்துக்கொண்டவளை எல்லோரும் கூண்டக்கா என்பார்கள். இரண்டாகப் பிரியும் மரப்பெட்டியில், விளக்கு எரியும் பக்கம் போனால் தீனி உண்டு என்று எலிகள் கற்றுக்கொண்டன என்பது பேராசிரியரின் முடிவு. தீனியின் வாசனை வழிகாட்டிவிடக் கூடாதென்று, சோதனை நாட்களில் இரண்டு பக்கக் கிண்ணங்களையும் காலியாகவே வைக்கச் சொல்வார். கூண்டக்கா அப்படியே வைப்பாள். ஆனால் மற்ற நாட்களில் தீனி வைக்கும் விளக்குப் பக்கக் கிண்ணத்தின் அடியில், காலியோ நிறைவோ, எறும்பு ஏறாமலிருக்க ஒரு சொட்டு கிராம்பு எண்ணெய் தடவிவிடுவாள். கைப்பழக்கம்.

மகளின் பிரசவத்துக்காகக் கூண்டக்கா நான்கு நாள் விடுப்பில் போனாள். அந்த நாட்களில்தான் மேலிடத்திலிருந்து பார்வையிட வந்தார்கள். எலிகள் திக்குத் தெரியாமல் அலைந்தன.

"போறதுக்கு முன்னாடி அதுங்களுக்கு என்னத்தக் குடுத்தீங்க?" என்றார் பேராசிரியர், அவள் திரும்பி வந்த காலையில். "லெட்டர் ரெடியா இருக்கு. சாயங்காலத்தோட கிளம்பிடலாம்."

பதினொரு வருட வேலை.

"ஒண்ணும் குடுக்கல சார். எண்ணெய் தடவ நான் இல்ல, அவ்வளவுதான். அதுங்க விளக்கப் பாக்குறதே இல்ல. தம்பிகிட்ட போன வருஷமே சொன்னேன்."

பக்கத்தில் நின்ற ஆய்வு மாணவன் தன் செருப்பைப் பார்த்தான். "சொன்னாங்க சார். நான் சிரிச்சிட்டேன்."

"எலிக்கு மூக்கு இருக்குன்னு சொல்றதுக்கு நான் பட்டமா வாங்கணும் தம்பி?"

விளக்கை வலப்பக்கம் ஏற்றினாள். எண்ணெயை இடப்பக்கக் கிண்ணத்தில் தடவினாள். பத்து எலிகளை ஒவ்வொன்றாக விட்டாள். ஒன்பது இடப்பக்கம் ஓடின.

"அந்தப் பத்தாவது?" என்றான் மாணவன்.

"அதுக்குச் சளி. மூக்கு ஒழுகுது."

பேராசிரியரே விளக்கை அணைத்தார்.

"எண்ணெய் தடவ உங்களுக்கு யார் சொன்னது? இத்தன வருஷக் கணக்கும் குப்பையாப் போச்சு."

"எறும்பு வந்தா தொலைச்சிடுவேன்னு சொன்னது நீங்கதானே சார்."

பேராசிரியர் கடிதத்தில் ஒரு வரியை மட்டும் மாற்றினார்: எலிகளுக்கு எதையோ கொடுத்தவள், அனுமதியின்றிச் சோதனையைக் குலைத்தவள் ஆனாள்.

கூண்டக்கா இப்போது ஒரு மருத்துவமனையில் துணி வெளுக்கிறாள். பேராசிரியர் எலிகளின் மோப்பத்தைப் பற்றிக் கட்டுரை எழுதிப் பெரிய அறைக்கு மாறினார். கட்டுரையில் எண்ணெய் தடவியவர்கள் 'ஆய்வுக் குழுவினர்'. மாணவன் பட்டம் வாங்கி அங்கேயே பாடம் நடத்துகிறான். எலிகளை, சோதனை முடிந்தால் செய்வதுபோல், அந்த வாரமே கொன்றுவிட்டார்கள்.