சுவரில் திறந்த கண்

பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவரில் ஊரை வரைந்து முடிக்கும் தறுவாயில் இருந்தாள் வளர்மதி. ஏரி, கம்பங்கொல்லை, ஆட்டுக்கிடை, கரைமேல் குதிரையோடு அய்யனார். நாளை ஓவியத்துக்குத் திறப்பு விழா. கை அவசரத்தில் எல்லா முகத்துக்கும் கண்ணாகக் கருப்புப் புள்ளி வைத்துக்கொண்டே வந்தவள், அய்யனாருக்கும் இரண்டு வைத்துவிட்டாள்.

அந்நேரம் அவள் புருஷன் கொளஞ்சி வண்டியை நிறுத்திச் சுவரில் அய்யனாருக்கு நேராக வந்து நின்றான். சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வெடி வைப்பவன்.

“ஏரியில இம்புட்டுத் தண்ணியா? மீனு புடிச்சிக் கொழம்பு வையி” என்று சிரித்தான். “ரெண்டு மணிக்கு வெடி. போயிட்டு வரேன்.”

அவன் போனதும் சத்துணவு சமைக்கும் சின்னப்பிள்ளை வந்தாள். சுவரைப் பார்த்தவள் சட்டென்று ஓரமாக ஒதுங்கினாள்.

“அடியே, சாமிக்கு முழி வச்சிட்டியா?”

“படந்தானேக்கா.”

“படத்தக் கும்புடாமயா இருக்கே? செல செய்யுற வேளார் வந்து, சேவல் அறுத்து, கண்ணாடி காட்டியில்ல கண்ணு தொறப்பாங்க! மொத பார்வைக்கு நேரா மனுசன் நின்னா தாங்குவானா? எவன் நின்னான்?”

வளர்மதி போனை எடுத்துக் கொளஞ்சியைக் கூப்பிட்டாள். அணைத்து வைத்திருந்தான். சுரங்க வாசலிலேயே போனை வாங்கி வைத்துவிடுவார்கள். மணி ஒன்றே முக்கால்.

துணியால் துடைக்கப் போனாள்.

“அழிக்காத! தொறந்த கண்ண அவிக்கிறதா?”

கண் திறக்கும்வரை சாமி முகத்தில் வெள்ளைத்துணி கட்டியிருப்பது நினைவுக்கு வந்தது. பிரஷ்ஷை வெள்ளையில் முக்கி, அய்யனார் முகத்தில் ஒரு துணி வரைந்தாள்.

“இன்னும் தொறக்கலன்னு ஆச்சுல்லக்கா?”

“அத அய்யனாருதான் சொல்லணும்.”

சுரங்கத்துச் சங்கு ஊதியது. பிறகு தரை அதிர்ந்தது. பெயின்ட் டப்பாக்கள் கிணுகிணுத்தன. மேற்கே புழுதி எழுந்தது. வளர்மதி போனைப் பிடித்தபடி நின்றாள். பத்து நிமிடம். இருபது.

போன் அடித்தது.

“சாப்பாட்டுத் தூக்க செவுத்தோரமே வச்சிட்டேன் பாரு” என்றான் கொளஞ்சி. “பசிக்குது. வந்து எடுத்துக்கறேன்.”

தூக்கை எடுக்கச் சுவர்ப்பக்கம் திரும்பினாள். ஈர வெள்ளைக்குள்ளிருந்து கருப்பு ஊறி வந்திருந்தது. இரண்டு புள்ளி.

“நீங்க வராதீங்க. நானே கொண்டாரேன்.”

“ஏன்டி?”

“வராதீங்கன்னா வராதீங்க.”

சின்னப்பிள்ளை தடுப்பதற்குள், அந்த இரண்டு புள்ளிகளுக்கும் நேராக நகர்ந்து நின்றுகொண்டாள்.