டீத்தூள் பாக்கெட்டில் இருந்த முகம்

பொருள் வாங்கினால் ஒரு ரூபாய் தர்மத்துக்கு என்று வரும் விளம்பரங்கள் ஜனங்களுக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கின்றன என்று விசாரித்து எழுத வேண்டும். சந்தை ஆய்வு படிக்கும் மாலை வகுப்பில் ஜெரூஷாவுக்குக் கொடுத்த வேலை அது. கம்பெனிப் பெயர்களை மறைத்த படங்களோடு தாம்பரம் பஸ் நிறுத்தத்தில் நின்றாள்.

கடைசிப் படம் அவளாகச் சேர்த்தது. முன்பல் விழுந்த ஒரு சிறுமி சிரிக்கிறாள். டீத்தூள் வாங்கினால் அவளுடைய இதய ஆபரேஷனுக்குப் பணம் போகும் என்ற பழைய விளம்பரம். அந்தச் சிறுமி ஜெரூஷாதான். வகுப்பில் யாருக்கும் தெரியாது. சேர்த்தது சரியா என்று அவளுக்கே இன்னும் குழப்பம். அம்மா போன பிறகு அந்த முகத்தை அறிந்தவர் என்று யாருமில்லை. ஒருவருக்காவது ஞாபகம் இருக்காதா என்று ஒரு நப்பாசை.

காலேஜ் பையன்கள் ஏதோ சினிமாக் குழந்தை என்றார்கள். ஒரு பேங்க்காரர் படத்தையும் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தார்.

அனகாபுத்தூர் பஸ்ஸுக்கு நின்ற கிளியம்மாள் என்ற நடுவயதுப் பெண் மட்டும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தைக் கையில் வாங்கினாள்.

"தோ, ஓட்டப்பல்லு பொண்ணு. சோப்பு விளம்பரம்தானே?"

டீத்தூள் என்று ஜெரூஷாவின் நாக்கு நுனிவரை வந்தது. கேட்பவர் எடுத்துக் கொடுத்தால் பதில் செல்லாது என்று வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார்கள். எந்தக் கம்பெனி என்று மட்டும் கேட்டாள். கிளியம்மாள் சொன்னது சம்பந்தமே இல்லாத ஒரு பெயர்.

"நுரையே வராதும்மா அது. எங்க வூட்டுக்காரரு செங்கல்லுன்னு திட்டுவாரு. இந்தப் பொண்ணுக்காவ ஒரு வருசம் அதையே வாங்கிகினு இருந்தேன்."

அதில் ஒரு பைசாகூடத் தனக்கு வந்திருக்காது. ஜெரூஷாவுக்குச் சிரிப்பு வந்தது.

"ஆமா, பொழைச்சிகிச்சா அது?"

இதற்குப் பதில் சொல்லலாமா என்று யாரும் கற்றுத்தரவில்லை.

"பொழைச்சிருச்சுக்கா. நல்லா இருக்கு," என்றாள், யாரையோ பற்றிச் சொல்வதுபோல.

கிளியம்மாள் அவள் தோளுக்கு மேலே பஸ்ஸைத் தேடிக்கொண்டே படத்தைத் திருப்பிக் கொடுத்தாள். "நல்லா இருக்கட்டும். இந்நேரம் கண்ணாலமே ஆயிருக்கும். வண்டி வந்துட்ச்சு, வரேம்மா."

ஏறிவிட்டாள். கம்பெனிப் பெயர் தவறு என்று ஜெரூஷா குறித்தாள், முறை அதுதான். அந்தப் பெண் நான்தான் என்று சொல்லியிருக்கலாமோ என்று தோன்றியது. பேனாவை மூடிவிட்டுப் பக்கத்தில் நின்றவரிடம், அடுத்த அனகாபுத்தூர் பஸ் எப்போது என்று கேட்டாள். அவள் அறை இருந்தது எதிர்த்திசையில், பீர்க்கன்கரணையில்.