கழற்றிவிட்டுத் தொடவும்

வந்ததும் வராததுமாக, கிளேட்டன் மெடெய்ரோஸ் லுர்லினின் வலது மணிக்கட்டில் ஒரு பழைய காலுறையை மாட்டிவிட்டார். விரல் பக்கத்தை வெட்டியெடுத்த, துவைத்துத் துவைத்து வெளுத்துப்போன காலுறை. உகுலேலே என்னும் நாலு தந்திக் குட்டி கிட்டார்களை அவர் செய்யும் பட்டறை அது. சுவரில் அவர் கையால் எழுதிய பலகை தொங்கியது: 'வளையல், கடிகாரம், மோதிரம், பெல்ட் கொக்கி எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத் தொடவும்.' கழற்ற மாட்டேன் என்று லுர்லின் அடம்பிடிக்கவில்லை. கழற்ற வராது, அவ்வளவுதான். பள்ளிப் படிப்பு முடிந்த அன்று அப்பா போட்டுவிட்ட தங்க வளையல் அது. பள்ளிக்கூடச் சமையலறையில் இருபது வருடம் அண்டா தூக்கியதில் கை பருத்துவிட, வளையல் சதையோடு ஒட்டிக்கொண்டது.

"எமலினாவா? நல்ல பேரு," என்றார், வளையலில் பதித்திருந்த கறுப்பு எழுத்துகளைப் படித்தபடி.

"அது எங்கம்மா பேருண்ணே. நான் லுர்லின்."

கடையில், வங்கியில், பஸ்ஸில் என்று எல்லா இடத்திலும் இதே கதைதான். வளையலைப் படித்துவிட்டு 'என்ன எமலினா, சௌக்கியமா' என்பார்கள். திருத்தித் திருத்தி அலுத்துப்போய் இப்போதெல்லாம் சௌக்கியம் என்றே சொல்லிவிடுகிறாள். அந்தப் பெயரை யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருப்பது ஒருவகையில் நல்லதுதான் என்றும் அவளுக்குத் தோன்றும்.

அவள் பையிலிருந்து புகைப்படத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். ஹோனலூலூவில் இருந்த அம்மாவின் சிநேகிதி இறந்தபோது, அவள் பெட்டியிலிருந்து கிடைத்தது. மரப்படியில் ஒரு பெண் உட்கார்ந்து உகுலேலே வாசிக்கிறாள். குனிந்த முகத்தைக் கூந்தல் மறைத்திருக்கிறது. வலது கையில் அதே வளையல். ஹீலோ ஊருக்குள் கடல் பேரலை வந்த வருடம் லுர்லினுக்கு வயது ஐந்து. வீடு, படிக்கட்டு, உகுலேலே, அம்மா, எல்லாம் ஒரே இரவில் போயின. மூன்றாம் நாள் இந்த வளையலைப் பார்த்துத்தான் அப்பா அம்மாவின் உடலை அடையாளம் சொன்னார். அதற்குப் பிறகு வீட்டில் எந்த வாத்தியமும் இருக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டார்.

கிளேட்டன் பூதக்கண்ணாடியை வைத்துக் குனிந்தார். ஆள் ஆறரை அடி, கை ஒவ்வொன்றும் முறம். அந்தக் கையால் எப்படி இவ்வளவு மெல்லிய வேலை செய்கிறார் என்று அவளுக்கு வியப்பாக இருந்தது.

"உகுலேலே ஓரத்துல கயிறு முறுக்கின மாதிரி கரை போட்டிருக்கு பாரு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகள்ல செஞ்சது. உங்கம்மா கைக்கு வரும்போதே அதுக்கு முப்பது வயசு ஆகியிருக்கும். இதே மாதிரி செய்யணுமா?"

"மாதிரி இல்லண்ணே. இதேதான். அந்தச் சத்தம் வரணும்."

"என்ன சத்தம்?"

லுர்லின் தயங்கினாள். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. "அம்மா வாசிக்கறப்ப நான் அவங்களுக்கும் உகுலேலேக்கும் நடுவுல பூந்து, உகுலேலே முதுகுல காத வச்சுக்குவேன். பாட்டுக்கு நடுநடுவுல உள்ளுக்குள்ள இருந்து 'டிக்'னு ஒரு சத்தம் வரும். அவங்க முகம் எனக்கு ஞாபகம் இல்ல. குரலும் போயிடுச்சு. அந்த 'டிக்' மட்டும்தான் மிச்சம். அதுவும் இப்பல்லாம் கொஞ்சம் கொஞ்சமா..." அவள் முடிக்கவில்லை.

கிளேட்டன் தாடையைச் சொறிந்தார். உள்ளே ஏதாவது மரச்சட்டம் ஒட்டு விட்டிருந்தால் கரகரவென்றுதான் இருக்கும், டிக் என்று வராது என்றார். கோளாறு வேண்டுமென்றே வைத்துத் தன்னால் செய்ய முடியாது என்றும் சொன்னார். ஆனால் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "பாப்போம்," என்றார்.

பிறகு காலுறையைச் சற்று விலக்கி, காலிப்பரால் வளையலின் அகலத்தை அளந்தார். புகைப்படத்தில் அதே வளையலின் அகலத்தையும் அளந்தார். அளவு சொல்ல அவரிடம் வேறு ஆதாரம் எதுவும் இல்லை. வளையல் இத்தனை என்றால் உகுலேலே எத்தனை என்று காகிதத்தில் கணக்குப் போட்டுக்கொண்டே போனார். கடைசியில் பென்சிலை வைத்துவிட்டு, "இருபத்தோரு அங்குலம்," என்றார்.

"இல்ல," என்றாள் லுர்லின். "தப்பு. அது பெரிசு. நான் காத வச்சா என் முகமே அதுக்குள்ள அடங்கிடும்."

"உனக்கு அஞ்சு வயசும்மா அப்ப."

"எங்கம்மாவும் நல்லா உசரம். அண்ணாந்துதான் பாப்பேன்."

வாதாடுகிற பழக்கம் கிளேட்டனுக்குக் கிடையாது. புதுக் காகிதம் ஒன்றை எடுத்து, அதே கணக்கை வைத்து அம்மாவின் கையை வரைய ஆரம்பித்தார். விரல் விரலாக, கணு கணுவாக அளந்து வரைந்தார். வளையலையும் விடாமல் அது இருந்த இடத்திலேயே வரைந்தார். தகரக் கூரையில் மழை அடித்துக்கொண்டே இருந்தது. முடித்ததும் காகிதத்தை அவள் பக்கம் திருப்பினார்.

லுர்லின் தன் கையை அதன்மேல் வைத்தாள். அவளுடைய விரல்கள் ஒரு கணு அளவுக்கு வெளியே நீண்டன. கையை எடுத்தாள், மறுபடி வைத்தாள். அது ஒரு சின்னப் பெண்ணின் கை. அம்மா இறந்தபோது அம்மாவுக்கு வயது இருபத்து நான்கு. கணக்கு தெரிந்ததுதான், ஆனால் இப்போதுதான் உறைத்தது. தான் அம்மாவைவிடப் பத்தொன்பது வயது மூத்தவள். அலை வந்த இரவில் அந்தக் கை எதையெல்லாம் பிடித்துக்கொள்ளப் பார்த்திருக்கும் என்று நினைத்ததும், கையைக் காகிதத்திலிருந்து மெல்ல எடுத்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து, கிளேட்டனின் மனைவி பெர்னடெட் சர்க்கரையில் புரட்டிய மலசாடா பணியாரங்களைச் சுடச்சுட அடுக்கிய தட்டோடு உள்ளே வந்தாள். கணவரின் நெஞ்சு உயரம்கூட இல்லாத பொடி உருவம், குரல் மட்டும் தெருமுனை வரை கேட்கும். "யார் கை இது? எங்கிட்ட கேக்காம என் கைய வரைஞ்சிருக்க?" என்று சர்க்கரை ஒட்டிய கையைக் காகிதத்தின்மேல் வைத்தாள். கோடு பிசகாமல் பொருந்தியது. என்னவோ என்று பெர்னடெட் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இருபத்தோரு அங்குலமே செய்ங்கண்ணே," என்றாள் லுர்லின்.

பிறகு கிளேட்டன் அலமாரிக்குப் பின்னாலிருந்து கோஆ மரப்பலகை ஒன்றை இறக்கினார். பார்க்கச் சாதாரணப் பலகை. ஈரத்துணியால் ஒரு முறை துடைத்தார். உள்ளுக்குள் விளக்குப் போட்டதுபோல் அலை அலையாகப் பொன்னிறம் எழுந்து, பலகையைச் சாய்க்கச் சாய்க்க நகர்ந்தது. லுர்லின் தன்னையறியாமல் ஓர் அடி பின்னால் போனாள்.

"மரத்தப் பாத்தா இவருக்கு வாயடைச்சிரும்," என்றாள் பெர்னடெட். "என்னப் பாத்து ஒரு நாளாவது அடைச்சிருக்கா கேளு."

எட்டு மாதம் ஆயிற்று.

அவர் கூப்பிட்டனுப்பிய அன்றும் மழை. உகுலேலே மேசைமேல் துணி விரித்துக் கிடந்தது. ஓரத்தைச் சுற்றிக் கறுப்பும் வெள்ளையுமாக முறுக்கிய கரை. புகைப்படத்தில் சாம்பல் நிறமாகப் பார்த்த உகுலேலேயைப் பொன்னிறத்தில் பார்த்ததும் லுர்லின் தொடப்போனாள். கிளேட்டன் காலுறையை நீட்டினார். பெர்னடெட் பழக்கப்படி மோதிரங்களைக் கழற்றிக் கிண்ணத்தில் போட்டுவிட்டு, உகுலேலேயை மடியில் வைத்து வாசித்தாள்.

அந்தச் சின்னப் பெட்டிக்குள்ளிருந்து அவ்வளவு சத்தம் எப்படி வருகிறது என்று தெரியவில்லை. தெளிவான, தண்ணீர் போன்ற சத்தம். பட்டறை முழுக்க நிறைந்தது. லுர்லின் கண்ணை மூடிக் கேட்டாள். பாட்டு முடிந்தும் வெகுநேரம் கண்ணைத் திறக்கவில்லை.

"ரொம்ப நல்லாருக்குண்ணே," என்றாள்.

"டிக் வரலை," என்றார் கிளேட்டன்.

"பரவால்லண்ணே. எனக்குத்தான் ஏதோ தோணியிருக்கும். சின்னப் புள்ள." அவள் உகுலேலேயைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தாள். அங்கேதான் அம்மாவின் கை, அன்று வரைந்தது, ஊசி குத்தித் தொங்கியது.

பெர்னடெட்டும் அதைப் பார்த்தாள். எழுந்து கிட்டத்தில் போனாள். "யோவ், வளையல இங்க ஏன் வரைஞ்சிருக்க? இது மணிக்கட்டுல இல்ல, உள்ளங்கைக்குப் பக்கத்துல தொங்குது."

"படத்துல அப்படித்தான் இருந்துச்சு."

"தொளதொளன்னு இருந்திருக்கு. அப்படித்தானே?"

கிளேட்டன் வரைபடத்தைப் பார்த்தார், காலுறை போட்ட மணிக்கட்டைப் பார்த்தார், தான் எழுதிய பலகையைப் பார்த்தார். பெரிய கையால் நெற்றியில் அடித்துக்கொண்டார். "எட்டு மாசம்! எட்டு மாசமா அந்த வளையல வெறும் அளவுகோலாவே பாத்துட்டேன்," என்றார். பிறகு லுர்லினிடம் மிக மெதுவாகக் கேட்டார். "அதக் கழட்டிப் பாப்பமா?"

இருபத்தைந்து வருடமாகக் கழற்றாதது. லுர்லின் ஒரு கணம் வளையலைப் பொத்திக்கொண்டாள். பிறகு காலுறையை உருவிக் கையை நீட்டினாள்.

பெர்னடெட் பிளாஸ்டிக் பையை அவள் கையில் மாட்டி, பாத்திரம் தேய்க்கும் சோப்பைத் தாராளமாக ஊற்றினாள். "மூச்ச விடு. திட்டணும்னா திட்டிக்கோ." கட்டை விரல் எலும்பில் சிக்கி உயிர் போயிற்று. லுர்லின் கிளேட்டனின் பரம்பரையையே திட்டினாள். வளையல் சட்டென்று கழன்று பெர்னடெட்டின் மடியில் விழுந்தது. லுர்லினின் மணிக்கட்டில், வெயில் படாத தோல் வெளேரென்று ஒரு பட்டையாக இருந்தது.

பெர்னடெட் வளையலைக் கழுவித் துடைத்துத் தன் கையில் போட்டாள். முழங்கைப் பக்கம் ஓடியது, கையை இறக்கியதும் உள்ளங்கைக்கு வந்து நின்றது. உகுலேலேயை எடுத்தவள், எடுத்த கையோடு கணவரைப் பார்த்தாள்.

"புது மெருகுய்யா. தழும்பு விழும்."

"விழட்டும்," என்றார் கிளேட்டன். சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"கிட்ட வா," என்றாள் பெர்னடெட் லுர்லினிடம். உகுலேலேயை நெஞ்சிலிருந்து சற்றே தள்ளிப் பிடித்தாள். நாற்பத்து மூன்று வயதில் லுர்லின் சிமெண்ட் தரையில் முழங்காலிட்டு, அந்தப் பொடிப் பெண்ணின் கைக்கும் மரத்துக்கும் நடுவே தலையை நுழைத்து, காதை வைத்தாள்.

முதல் வீச்சு. தந்திகள் நான்கும் எழுந்து அடங்குவதற்குள், மிக அருகில், உள்ளுக்குள்ளிருந்து வருவதுபோல், டிக்.

பெர்னடெட் நிறுத்தாமல் வாசித்தாள். பொன்னிற மரத்தின் ஓரத்தில், கயிற்றுக்கரைக்குச் சற்றுக் கீழே, அரிசி அளவு ஒரு தழும்பு. அதன்மேல் எமலினா என்ற எழுத்துகள் மறுபடி மறுபடி வந்து தட்டிக்கொண்டிருந்தன.